மோதிரம் சுமந்த பழி

நம் சங்கத்தின் இளைஞர் பிரிவினர் ஆண்டுதோறும் கையெழுத்து ஏடு ஒன்றை உருவாக்கிப் பொங்கல் விழாவன்று நூலக மேசைமீது வைப்பது வழக்கம். தில்லியிலேயே பிறந்து, வீட்டிலும் சங்கத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் மட்டுமே தமிழ் பயின்ற பிள்ளைகள் தம் கைப்பட எழுதும் ஏடு அது. றகரமும் ரகரமும் இடம் மாறி நிற்கும். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாது. ஆயினும் விழாவுக்கு வருவோர் எவரும் அதனைப் புரட்டாமல் செல்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வேட்டில் வந்த கதையொன்று நம்மிடையே ஒரு மாதத்திற்குக் குறையாத வாதத்தை எழுப்பியது. அவ்வாதத்தில் நாமும் கலந்துகொண்டோம். நம் கருத்தை இருமுறை மாற்றிக்கொள்ளவும் நேர்ந்தது.

கதையை எழுதியவள் கல்லூரியில் பயிலும் பெண். கதை மாந்தர் அவளுடையவர் அல்லர். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வரும் வந்தியத்தேவனும் குந்தவையும். ஒரு நூலின்மீது கொண்ட காதலால் வாசகர் தாமே அதன் மாந்தரை எடுத்து மேற்கொண்டு எழுதுவதை இந்நாளில் 'ரசிகர் புனைவு' என்கின்றனர். அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் 1967ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனி இதழ் அச்சிட்டனர். அத்தகைய எழுத்தில் ஒரு கிளை, காதலர் எவ்வாறு கூடினர் என்பதை விட்டுவிட்டு, கூடி வாழ்ந்து பழகிவிட்ட இணையர்க்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதுவது. அதிலும் பழம்பொருள் ஒன்றையும் அதனுள் உறையும் ஆவி ஒன்றையும் வீட்டுக்குள் கொணர்ந்து, அவ்விருவரும் என்ன செய்கின்றனர் என்று பார்ப்பதில் இளையோர்க்குப் பெருவிருப்பம். நம் பெண் தேர்ந்த பழம்பொருள் பாண்டியர் மணிமுடி.

தேர்வு அருமையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாண்டியன் இராசசிம்மன் ஈழத்தில் விட்டு நீங்கிய மணிமுடி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் சோழர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. முதற் பராந்தகன் முயன்றும் அது கைக்கு எட்டவில்லை. 1017ஆம் ஆண்டையொட்டி நடந்த ஈழப் போரில் இராசேந்திரன் அதனையும் இந்திரன் ஆரத்தையும் கைப்பற்றினான் என்பதை அவன் மெய்க்கீர்த்தி பேசுகின்றது. ஒரு குலத்தின் மானமும் ஒரு நூற்றாண்டின் குருதியும் படிந்த அப்பொருளில் பேய் குடியிருந்தது என்றால் யார்தான் மறுப்பர்?

கதை இது. ஈழத்திலிருந்து வந்த முடி, தலைநகர் செல்லுமுன் சில நாள் பழையாறை அரண்மனையில் வைக்கப்படுகின்றது. காவல் பொறுப்பு முதுமையெய்திய வந்தியத்தேவனுடையது. நள்ளிரவில் முடிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுகின்றது. ஆதித்த கரிகாலனால் தலை கொய்யப்பட்ட வீரபாண்டியனின் குரல். "கரிகாலன் எவ்வாறு இறந்தான் என்பது உன் மனைவிக்கு அன்றே தெரியும்" என்று அது கூறுகின்றது. அவ்வளவுதான்! கிழவன் நெஞ்சில் நஞ்சு ஏறிவிடுகின்றது. ஒன்பது நாள் அவன் குந்தவையோடு பேசுவதில்லை. அவள் வாயிலில் காவல் வைக்கின்றான். அவள் எழுதிய ஓலைகளைப் பிரித்துப் பார்க்கின்றான். பத்தாம் நாள் சித்தர் ஒருவர் வந்து ஆவியை விரட்டுகின்றார். தன்னுணர்வு பெற்ற வந்தியத்தேவன் கதறுகின்றான். குந்தவை புன்னகை செய்து, "பிழை தங்களுடையதன்று, மணிமுடியினுடையது" என்கின்றாள். இருவரும் அரிசிலாற்றங்கரைக்கு நிலவு காணச் செல்கின்றனர். கதை முற்றும்.

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். 'பொன்னியின் செல்வ'னின் எந்தப் பாகத்தில் எந்த அத்தியாயம் என்று கேட்டாலும் உடனே சொல்லவல்லவர். கதையைப் படித்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணை அழைத்து, "கல்கி எழுதாத ஒரு சொல்லை வந்தியத்தேவன் வாயில் வைக்க நீ யாரம்மா?" என்று கேட்டார். அவள் அஞ்சவில்லை. "கல்கி நிறுத்திவிட்டார், தாத்தா. எனக்குத்தான் நிறுத்த மனம் வரவில்லை" என்றாள்.

நாம் முதலில் பெரியவர் பக்கமே நின்றோம். ஒருவர் பெற்று வளர்த்த பிள்ளையை இன்னொருவர் அழைத்துச் சென்று தம் விருப்பப்படி ஆட்டுவிப்பது முறையா என்னும் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. சட்டம் இதற்கு விடை கூறிவிடும். கல்கி மறைந்தது 1954இல். அவர் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. யாரும் அச்சிடலாம், யாரும் தொடரலாம். ஆனால், சட்டம் தடுக்கவில்லை என்பதும் அறம் ஒப்புகின்றது என்பதும் ஒன்றல்ல. இசுப்பானிய நாட்டுச் செர்வாந்திசு தம் 'தோன் குயிக்சோத்து'வின் முதற்பகுதியை 1605இல் வெளியிட்டார். அடுத்த பகுதியை அவர் எழுதி முடிக்குமுன், 1614இல், புனைபெயரில் ஒளிந்த ஒருவர் இரண்டாம் பகுதி என்று ஒன்றை அச்சிட்டுவிட்டார். அந்த வடு செர்வாந்திசை விடவேயில்லை. அடுத்த ஆண்டு தம் சொந்த இரண்டாம் பகுதியை வெளியிட்டபோது அந்தப் போலியை அதற்குள்ளேயே எள்ளி நகையாடியதோடு, இனி எவரும் தொடக்கூடாதென்று தம் தலைவனைச் சாகடித்தும் விட்டார். பெற்றவரே பிள்ளைக்கு ஈமக்கடன் செய்யும் நிலைக்குத் தள்ளிய செயலை நல்ல செயல் என்று எவ்வாறு கூறுவது?

ஆயினும் சற்று நிதானித்து நோக்கியபோது நம் உறுதி தளர்ந்தது. கல்கியே குந்தவையை வெறும் வெளியிலிருந்தா படைத்தார்? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் வல்லவரையர் வந்தியத்தேவர் தேவியார் என்று அவள் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கணவனைப் பற்றி வரலாறு கூறுவது அந்தப் பெயரளவோடு பெரிதும் நின்றுவிடுகின்றது. அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டுதான் 1950 முதல் 1954 வரை தமிழகமே வார இதழுக்குக் காத்துக் கிடக்கும்படி ஒரு வீரனைக் கல்கி எழுப்பினார். கதை முடிந்தபோது வாசகர் விடவில்லை. அவன் என்ன ஆனான், இவள் என்ன ஆனாள் என்று கேட்டுத் துளைத்தனர். அவரும் பொறுமையோடு ஒரு முடிவுரை எழுதி விடையிறுத்தார். பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அக்கதையைத் தொடர்ந்தார். இன்னும் பின்னோக்கிச் சென்றால், இளங்கோவின் சிலம்பு நிறுத்திய இடத்திலிருந்து மாதவி மகளின் வாழ்வைச் சாத்தனார் எடுத்துச் செல்லவில்லையா? இரட்டைக் காப்பியம் என்று அவற்றைப் போற்றுகின்றோமேயன்றி, இரண்டாவதைக் களவு என்று எவரும் கூறவில்லை.

ஆதலின் உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமைக்கு ஒரு கடன் இருக்கின்றது. இடத்தை மாற்றலாம், காலத்தை மாற்றலாம், நேராதவற்றை நேரச் செய்யலாம். மாந்தரின் உயிர்க்குணத்தை மாற்றினால் பெயரையும் மாற்றிவிட வேண்டும். குணம் போய்ப் பெயர் மட்டும் நிற்பது, இறந்தவர் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுப்பதற்கு ஒப்பாகும்.

இங்கேதான் பெரியவரின் நெஞ்சு நொந்த இடம் நமக்குப் புலப்பட்டது. அவர் சினம் கல்கியின் உரிமையைப் பற்றியதன்று, "வந்தியத்தேவன் சந்தேகப்படுவானா?" என்பதே அவர் உள்ளத்து முள். அந்தப் பெண்ணிடம் நாம் அதையே வினவினோம். "மாட்டான். அதனால்தானே பேயை வரவழைத்தேன்!" என்றாள் அவள். இந்த விடை நம்மை உலுக்கியது. நல்லவன் செய்யமாட்டாத ஒன்றை நல்லவனைக் கொண்டே செய்வித்து, அவன் நன்மையும் கெடாமல் காப்பதற்குப் பேய் வேண்டியிருக்கின்றது! பழம்பொருளில் ஆவி புகுவது அச்சம் தருவதற்காகவே என்று அதுவரை எண்ணியிருந்தோம். பழி சுமப்பதற்காகவும் அது புகுகின்றது.

இதனை முதன்முதலில் கண்டவள் நம் கல்லூரிப் பெண் அல்லள். மகாபாரதத்து ஆதி பருவத்தில் வரும் துஷ்யந்தன் கதையில் மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை. சகுந்தலை மகனை அழைத்துக்கொண்டு அவைக்கு வருகின்றாள். அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கின்றது. நினைவிருந்தும், உன்னை நான் அறியேன் என்று மறுத்து, அவளை இழிவாகவும் பேசுகின்றான். வானத்திலிருந்து ஒரு குரல் உண்மையைக் கூறிய பின்னரே ஏற்றுக்கொள்கின்றான். தனக்கு முன்பே தெரியும் என்றும், ஊரார் ஐயுறாதிருக்கவே அவ்வாறு செய்ததாகவும் விளக்கம் வேறு தருகின்றான். பதவியில் இருப்போர் தரும் விளக்கங்கள் அன்றும் இன்றும் ஒரே அச்சில் வார்த்தவையே.

இந்தத் துஷ்யந்தனைக் காளிதாசனால் தாங்க முடியவில்லை. அவனும் ஒரு வாசகன்தானே! விருந்தினரைக் கவனியாத சகுந்தலைக்குத் துருவாசர் சாபம் இட்டார் என்றும், அடையாளமாகிய அணியைக் கண்டாலன்றி அரசனுக்கு அவள் நினைவு மீளாது என்றும், அந்த மோதிரம் நீராடுதுறையில் நழுவி ஒரு மீனின் வயிற்றுக்குள் போயிற்று என்றும் புதிதாகச் சேர்த்தான். ஒரே வீச்சில், பொய்யன் மறதிக்காரன் ஆனான். மறதிக்காரன் துன்பத் தலைவன் ஆனான். மறைமலையடிகள் இந்நாடகத்தைத் தமிழாக்கித் தந்திருப்பதால் நம்மவர் பலரும் இதனை அறிவர். மகாபாரதத்து மூலத்தை அறிந்தவர் அவ்வளவு பேர் இல்லை. பழி சுமக்கும் பொருள் கிடைத்துவிட்டால், பழியின் பழைய முகவரியை உலகம் மறந்துவிடுகின்றது.

இது கருணையா, பொய்யா? இக்கேள்வியில்தான் நம் வாதம் நாள்கணக்கில் நின்றது. கருணை என்றே நாம் இரண்டாம் முறை கருத்து மாறினோம். மனிதர் செய்யும் கொடுமைகளுள் பாதி, அவர்தம் இயல்பான நிலையில் செய்தவை அல்ல. சினம் ஏறியபோதும், கள் ஏறியபோதும், கடன் நெரித்தபோதும் மனிதன் வேறொருவனாகி விடுகின்றான். "அன்று என்னுள் என்ன புகுந்தது என்று தெரியவில்லை" என்று கூறாத கணவன் ஒருவனை நாம் கண்டதில்லை. அந்த 'என்ன'வுக்கு ஒரு கண்ணும் மூக்கும் வைத்துப் பேய் என்று பெயரிட்டால், குற்றத்தை வெறுத்துக்கொண்டே குற்றவாளியோடு தொடர்ந்து வாழ வழி பிறக்கின்றது. பிரிந்துபோக இயலாதவர்க்கும் பிரிய மனமில்லாதவர்க்கும் அது பெரிய உதவி.

ஆயின் காளிதாசன் நாம் நினைத்ததைவிட ஆழமானவன். ஆறாம் அங்கத்தில், மோதிரம் கிடைத்து நினைவு மீண்ட அரசன் அந்த மோதிரத்தை வாயார வைகின்றான். வைதுகொண்டிருக்கும்போதே அவன் நெஞ்சம் திரும்பிக்கொள்கின்றது: அது உணர்வற்ற பொருள், அதற்கு அருமை தெரியாதது வியப்பன்று, உணர்வுள்ள நான் அவளை எவ்வாறு தள்ளினேன் என்று தன்னையே கேட்கின்றான். சாபத்தைப் பற்றி அவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழியை ஏற்றுவதற்கு எதிரிலேயே ஒரு பொருள் இருந்தும் அவன் தன்மேல் ஏற்றிக்கொண்டான். அதனாற்றான் மன்னிக்கத்தக்கவன் ஆனான்.

அதனினும் நுட்பம் ஏழாம் அங்கத்தில் இருக்கின்றது. மீண்டும் கூடிய வேளையில் அரசன் அந்த மோதிரத்தை அவளிடம் நீட்டுகின்றான். சகுந்தலை அதனை வாங்கி அணியவில்லை. அதன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை, தாங்களே அணிந்துகொள்ளுங்கள் என்னும் பொருள்பட ஒரு சொல் சொல்லிவிடுகின்றாள். அதன் பின்னர்தான் மாரீச முனிவர் வாயிலாகச் சாபத்தின் செய்தி வெளிப்பட்டு அவள் மனம் ஆறுகின்றது. கணவனை ஏற்றுக்கொண்டாள், மோதிரத்தை ஏற்கவில்லை. இந்தச் சிறு மறுப்பை நாடகம் பார்ப்போர் கவனியாது விடுதல் கூடும். நமக்கோ நாடகம் முழுவதும் அந்த ஒரு சொல்லின்மீது நிற்பதாகத் தோன்றுகின்றது.

நளன் கதையிலும் பேய் உண்டு, பொருளும் உண்டு. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த கலி, கால் கழுவாமல் அந்தி வழிபாடு செய்த ஒரு நாளில் நளனுள் புகுந்தான். துவாபரன் சூதுக்காய்களுள் புகுந்தான். நாடும் செல்வமும் போயின. இரு மக்களைப் பெற்று நெடுநாள் இனிது வாழ்ந்த மனைவியைக் காட்டில் உறங்கும் நிலையில், இருவரும் சேர்ந்து உடுத்த ஒற்றை ஆடையை அரிந்துகொண்டு, கைவிட்டுச் சென்றான். பின்னர் இருதுபன்னனிடம் காய்களின் மருமம் கற்றதும் கலி வெளிப்பட்டுத் தான்றி மரத்துள் ஒடுங்கினான். அக்காலத்துச் சூதுக்காய்கள் தான்றிக் கொட்டைகளே என்பதை எண்ணினால், பேய் தான் வந்த இடத்திற்கே திரும்பியது என்னும் பொருத்தம் விளங்கும்.

நளவெண்பாவை நாம் பள்ளியில் படித்தபோது எவரும் சுட்டிக்காட்டாத ஓரிடம் வியாசரிடம் இருக்கின்றது. மீண்டும் சந்தித்தபோது நளன், நாட்டை இழந்ததும் உன்னை விட்டதும் என் செயல் அல்ல, கலியின் செயல் என்கின்றான். நன்று. அடுத்த மூச்சிலேயே, இரண்டாம் சுயம்வரம் என்று அறிவித்தாயே, ஒரு பெண் இவ்வாறு செய்யலாமா என்று அவளைக் கேட்கின்றான்! அவனை வரவழைப்பதற்கென்றே அவள் செய்த சூழ்ச்சி அது. தமயந்தி காற்றையும் கதிரவனையும் திங்களையும் சான்றுக்கு அழைத்துச் சூளுரைக்க வேண்டியதாயிற்று. தன் பிழைக்குப் பேய் உண்டு; அவள் பிழையென்று எண்ணியதற்குப் பேய் இல்லை. ஆனால் அவளும் ஏமாளியல்லள். வாகுகன் என்னும் பெயரில் உருமாறி நின்றவன் தன் கணவன்தானா என்று அவன் சமைத்த உணவைச் சுவைத்துப் பார்த்தும், பிள்ளைகளை அவன்முன் அனுப்பிப் பார்த்தும் தேர்ந்த பின்னரே வாய் திறந்தாள்.

பேய்க்கதை என்றதும் ஆங்கிலேயர் எழுதிய ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்சு 1902இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' அது. மூன்று வரம் தரும் அந்த உலர்ந்த பாதம் இந்தியாவிலிருந்து சென்றதாம். பக்கிரி ஒருவர் மந்திரித்ததாம். தம் ஊர்ப் பேய்களுக்குப் பஞ்சமில்லாத நாட்டினர் இதற்கும் நம்மிடம் கைநீட்டியது வேடிக்கை. இருநூறு பவுன் கேட்ட முதிய தம்பதியர்க்கு, ஆலையில் சிதைந்து இறந்த ஒரே மகனுக்கு ஈடாக அதே இருநூறு பவுன் வந்து சேர்கின்றது. இக்கதையில் பொருள் பழி சுமப்பதில்லை. கேட்டதைக் கொடுத்ததேயன்றி வேறொன்றும் செய்யவில்லை. ஆசை அவர்களுடையது. அந்த வகையில் நம் மோதிரத்தையும் காய்களையும் விட இந்தப் பாதம் நேர்மையானது என்று கூடச் சொல்லலாம். ஆனால் அதில் யாரும் யாரையும் மன்னிக்க இடமேயில்லை. படித்து முடித்ததும் கை சில்லிட்டுப் போவது அதனாலேயே.

இவற்றையெல்லாம் அடுத்தடுத்து எண்ணியபோதுதான் இரண்டாம் கருத்தும் ஆட்டம் கண்டது. மறந்தவன் துஷ்யந்தன், அவனுக்குச் சாபம் துணை. தோற்றவன் நளன், அவனுக்குக் கலி துணை. ஐயுற்றவன் வந்தியத்தேவன், அவனுக்கு மணிமுடி துணை. அகலிகைக்கு மட்டும் ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை? இந்திரன் கணவன் உருவில் வந்து வஞ்சித்தான் என்று கதையே சொல்கின்றது. இருந்தும் கல்லானவள் அவள். இந்தக் கணக்கு நேரில்லை என்று கண்டவர் புதுமைப்பித்தன். 'சாபவிமோசன'த்தில் அவர் அகலிகையையும் கௌதமரையும் சாபம் நீங்கிய பிறகு ஒரே குடிசையில் வாழவைத்துப் பார்த்தார். மன்னிப்பு வழங்கப்பட்டுவிட்டது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் முள்ளாகின்றது. சீதை தீக்குளித்த செய்தி கேட்டு நெஞ்சு இறுகியவள், இறுதியில் மீண்டும் கல்லாகின்றாள். பிறர் படைத்த இணையரை மேற்கொண்டு எழுதுவது எதற்காக என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தமிழில் நாம் கண்டதில்லை. மூலத்தில் தீர்ந்துவிட்டதாகக் காட்டப்பட்ட ஒன்று தீரவில்லை என்று தெரிந்தவரே அதனை எழுதத் தகுதியுடையவர்.

நம் பெண்ணிடம், "பேய் ஏன் வந்தியத்தேவனை மட்டும் பிடித்தது?" என்று ஒருநாள் கேட்டோம். அவள் விடையேதும் கூறவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறொரு வடிவம் எழுதிக்கொண்டு வந்தாள். இம்முறை மணிமுடியின் குரல் குந்தவையின் செவியில் விழுகின்றது. தமையன் கரிகாலன் மாண்ட இரவில் கடம்பூர் மாளிகையில் அவனருகே இருந்தவன் உன் கணவன் அல்லவா என்று அது கேட்கின்றது. ஓலைகளைப் பிரிப்பவள் அவள். காவல் வைப்பவள் அவள். கல்கியின் கதையை அறிந்தவர்க்கு, முதல் வடிவத்தைக் காட்டிலும் இது எவ்வளவு இயல்பானது என்பது விளங்கும். பழி சுமத்தப்பட்டுச் சிறையிலும் கிடந்தவன் வந்தியத்தேவன்தானே!

பெரியவர் முன்னைவிடச் சினந்தார். குந்தவையைப் பேய் அண்டாது, அவள் அத்தகையவள் அல்லள் என்றார். "வந்தியத்தேவனைப் பேய் பிடித்ததைத் தாங்கள் மன்னித்துவிட்டீர்களே, தாத்தா?" என்று அவள் கேட்டாள். "அவன் ஆண்பிள்ளை அம்மா, தடுமாறுவான்" என்றார் அவர். கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டனர். அவரும் சற்றுநேரம் கழித்துச் சிரித்தார். சிரித்தாரேயன்றிக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணைத் தடுமாறவே கூடாத உயரத்தில் நிறுத்துவதும், தடுமாறினால் கல்லாக்குவதும் நெருங்கிய உறவுடைய செயல்கள் என்று நாம் சொன்னதை அவர் இன்றளவும் ஒப்பவில்லை.

இந்த வாதம் நமக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். எம் பாட்டனார் கும்பகோணத்தில் நெல் வணிகம் செய்தவர். அவர் விரலில் பழைய நீலக்கல் மோதிரம் ஒன்று இருந்ததாம். ஏதோ ஒரு நொடித்த ஜமீன் வீட்டில் ஏலத்தில் எடுத்தது. அது வந்த மூன்றாண்டுகளில் வணிகமும், வடக்குத் தெரு வீடும், பாட்டியாரின் வைரத்தோடும் போயின. நீலம் எல்லார்க்கும் ஒத்துக்கொள்ளாது, கல்லை வீட்டில் சில நாள் வைத்துப் பார்த்தல்லவா அணிய வேண்டும் என்று உறவினர் இன்றும் கூறுவர். எம் தந்தையார் பிழைப்புத் தேடித் தில்லிக்கு இரயிலேறியதும், நாம் இங்கே பிறந்து இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருப்பதும் அந்த மோதிரத்தின் திருவிளையாடல் என்பதே குடும்ப வரலாறு. புலம்பெயர்ந்த வீடுகள் பலவற்றில் இத்தகைய கதை ஒன்று இருக்கும். ஊரை விட்ட காரணத்தைச் சுமக்க ஒரு மோதிரமோ, ஒரு வாசற்படியோ, வெட்டப்பட்ட ஒரு வேப்பமரமோ கிடைத்துவிடுகின்றது.

தந்தையார் தம் கடைசி ஆண்டில்தான் உண்மையைச் சொன்னார். பாட்டனார் இரவெல்லாம் சீட்டாடியிருக்கின்றார். ஊர் முழுவதும் அறிந்த செய்தி; பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. பாட்டியார் மோதிரத்தின்மீது பழியைப் போட்டு, அதனை விற்று, அந்தப் பணத்தில் ஒரு மண்டலம் சனீசுவரனுக்கு விளக்கேற்றி, கணவரைப் பிள்ளைகள் முன்னே தலைநிமிர்ந்து உட்கார வைத்துவிட்டார். ஆனால், அன்று தொட்டுப் பணப்பெட்டியின் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்கவேயில்லை. கதையைக் கணவருக்குக் கொடுத்தார், சாவியைக் கொடுக்கவில்லை.

இதனை அந்தப் பெண்ணிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தவள், "தாத்தா அந்தச் சாவியை ஒருமுறையாவது கேட்டாரா?" என்று வினவினாள். நமக்குத் தோன்றாத கேள்வி. அன்று மாலை கும்பகோணத்தில் இருக்கும் எம் அத்தையாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். தொண்ணூறு வயதை நெருங்கும் அவர் சற்றும் தயங்கவில்லை. "கேட்டாரே! ஒரு தீபாவளிக்கு. அம்மா மறுபேச்சில்லாமல் அவிழ்த்துக் கொடுத்தாள். அப்பா பெட்டியைத் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், பூட்டினார், சாவியைக் கொண்டுவந்து அம்மா கையிலேயே கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.